மஞ்சள் காட்டிய இடம்

பந்தல் சாரத்திலிருந்து விழுந்த ஆவுடையப்பனுக்கு அறுவை சிகிச்சைக்காக முறிந்த கை மட்டும் மரத்துப்போக வேண்டும். மயக்க மருந்து டாக்டர் ஜெபசெல்வி அவருடைய அக்குளில் ஸ்கேன் கருவியை வைத்தாள். நரம்பு இதுதான் என்று திரை ஓரிடத்தை மஞ்சளாகக் காட்டியது.

அவள் அதை நம்பவில்லை. டாக்டர்களின் தொடர்கல்வித் தேர்வு இப்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கருவியே என்றைக்காவது வேண்டுமென்றே தவறான இடத்துக்கு மஞ்சள் பூசும். ஏமாந்து ஊசியைக் கொண்டுபோனால் மருந்தைத் தடுத்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும்.

மஞ்சள் துடித்தது. நரம்பு துடிக்காது, ரத்தக் குழாய்தான் துடிக்கும். அதில் மருந்து இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

“ஏன் டாக்டரம்மா, நிறுத்திட்டீய?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கையை ஆட்டாதீங்க.”

திருட்டு மிஷின், யாரிடம் விளையாடுகிறது! ஊசியைத் திருப்பி, தன் கண்ணுக்கு நரம்பாகப் பட்ட இடத்தில் மருந்தை இறக்கினாள்.

சற்று நேரத்தில் ஆவுடையப்பன் சிரித்தார். “கை இருக்கதே தெரியல டாக்டரம்மா. நல்ல மிஷினா இருக்கே!”

ஜெபசெல்வி மதிப்பெண் கேட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பதில் வந்தது: “இன்று உங்களுக்குத் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை.”