ஈயம் பூசிய கை

தேனி பஜாரில், ஜெபமணியின் ரேடியோ கடைக்கு சண்முகராஜும் பலவேசமும் ஒரே நாளில்தான் வேலைக்கு வந்தார்கள். ஆனால் வருகிறவர்களெல்லாம் பலவேசத்தைத்தான் தேடினார்கள்.

"மலிவு போர்டுதான். அதுல பலவேசம் கண்டென்சர மாத்திப் பத்தவச்சா இரையவே மாட்டேங்குதுப்பா!" என்றார் கடமலைக்குண்டு மைக்செட்காரர்.

சண்முகராஜுக்கு வயிறு எரிந்தது. தன் சால்டரிங் அயர்ன் முனையைத் தினமும் அரத்தால் ராவி, புதுச் செம்பாய்ப் பளபளக்க வைத்துவிட்டுப் போகிறவன் அவன். பலவேசமோ சுவிட்சை அணைத்த கையோடு, முனையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவன். அவனுக்கா இந்தப் பேர்?

'இரு, உனக்கு வைக்கிறேன்!'

அன்றிலிருந்து பலவேசம் கிளம்பியதும், சூடு ஆறாத அந்த முனை முழுக்க ஈயத்தை உருக்கி அப்பிவிட்டுப் போனான். இந்தச் சனியனை வைத்து நாளைக்கு என்னத்தைப் பத்தவைப்பான்?

ஆனால் பலவேசத்தின் ஈயம் நெய்யாய் ஓடியது. சண்முகராஜின் முனைதான் கருகிக்கொண்டே வந்தது. இன்னும் அழுத்தி ராவினான்.

கடைசியில், வீரபாண்டித் திருவிழாவுக்கு பலவேசம் கட்டிய ஆம்ப்ளிஃபயர்தான் போகும் என்று சொல்லிவிட்டார் ஜெபமணி.

"சண்முகராஜ் அண்ணனையும் அனுப்புங்க மொதலாளி," என்றான் பலவேசம். "நேத்து தூக்குவாளி எடுக்கத் திரும்பி வந்தப்பதான் பாத்தேன். தெனமும் என் முனைக்கு ஈயம் பூசிட்டுப் போறது இவுகதான். அந்தப் பூச்சு இருக்கப்போயித்தான் முனை கருக்காம இருக்கு."

ஜெபமணி சண்முகராஜின் மேசையைப் பார்த்தார். அங்கே ராவி ராவிக் குச்சியாய்த் தேய்ந்த கரிமுனை கிடந்தது.

"ஏலே, இம்புட்டுத் தெரிஞ்சவன், ஒன்னோடத மட்டும் ஏன்டா இப்படிப் போட்டு வச்சிருக்க?"