இருபத்தேழாம் குழாய்

“கட்டுரையை அனுப்ப இன்னும் பதினேழு மணி நேரம்தான் இருக்கு. அந்தப் புள்ளியைத் தூக்கிடும்மா.”

பேராசிரியர் கணினித் திரையைக் காட்டினார். தோலும் மூட்டும் மெல்ல இறுகிப்போகும் ஒரு நோயை, ரத்தத்தில் இருக்கும் ஒற்றைப் புரதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய கட்டுரை. படத்தில் நோயாளிகள் முப்பது பேரும் மேலே இருந்தார்கள். ஆரோக்கியமானவர்கள் முப்பது பேரும் கீழே இருக்க வேண்டும். இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். இருபத்தேழாம் எண் மட்டும் நோயாளிகளுக்கு நடுவில் போய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“மூணு தடவை பாத்துட்டேன் சார். அதேதான் வருது,” என்றாள் ஆய்வு மாணவி. மூன்று நாளாக இதற்கு மேல் அவளுக்கு வாய் எழவில்லை.

“குழாய் மாறியிருக்கும்.”

“மாறலை சார்.”

“அப்ப மிஷின் மக்கர் பண்ணுது.”

“மத்த அம்பத்தொன்பது பேருக்கும் சரியாத்தானே சார் சொல்லியிருக்கு?”

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் மூடியைத் திறந்து கொடுத்தாள். பாட்டில் மூடி, பேனா மூடி, அறைக் கதவின் குமிழ், எதையும் ஆறு மாதமாக அவர் தன் கையால் திறப்பதில்லை. அவர் அறையில் ஏசியும் கூடாது. ஆய்வகத்தில் அவருக்கு ‘மகாராஜா’ என்று பெயர்.

“ஏன் இப்படி வக்காலத்து வாங்குற? உன் ரத்தமா?”

குழாய்களில் எண் மட்டும்தான் இருந்தது. பெயர்ப் பட்டியல் அவளுடைய இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

“காரணம் இல்லாம எடுக்க முடியாது சார். ஒண்ணு, ரத்தம் கெட்டுப்போயிருக்கணும். இல்லேன்னா ஆளுக்கு நோய் இருக்கணும்.”

“நோய்னே போடு. எனக்கென்ன வந்தது.”

“போட்டா அந்த ஆளுக்கு இன்னிக்கே சொல்லியாகணும். நிஜமாவே நோய்தானா சார்?”

கேள்வி கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்தார்.

“இருபது வருஷமா இதைத்தானே பாக்கிறேன். இந்த அளவு ஏறியிருந்தா நூத்துக்குத் தொண்ணூறு அதுதான். காலையில விரல் மடங்காது. குளிர்ல வெளுத்துப்போகும். இதுகூடத் தெரியாம, நான் நல்லா இருக்கேன்னு ஒருத்தன் வந்து கையை நீட்டியிருக்கான் பாரு. எப்பேர்ப்பட்ட மண்ணாந்தையா இருக்கணும்.”

“இப்பவே டாக்டரைப் பாத்தா?”

“சமாளிச்சிடலாம். விட்டா நுரையீரல் வரைக்கும் இறுகிடும்.”

அவள் படிவத்தை எடுத்து வைத்தாள். அவர் பேனாவை நீட்டினார். மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். ‘ஆரோக்கியமானவர் அல்ல’ என்று எழுதி, கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

“முடிஞ்சுதா? போ, அந்த மகானுக்குப் போன் பண்ணு.”

அவள் போகவில்லை.

“இருபத்தேழாவது ஆள் வரலைன்னு அன்னிக்கு நீங்களே வந்து உக்காந்தீங்களே சார்,” என்றாள் மெதுவாக. “முழுக்கைச் சட்டை. கைப் பொத்தானைக்கூட நான்தான் கழட்டிவிட்டேன்.”