அட்டை அளவு

ரேடியேட்டர் தண்ணீர் பொங்கினால் பிடித்துக்கொள்ள ஓர் அலுமினியத் தொட்டி வேண்டுமென்று கிரிதரன் நஞ்சப்பனிடம் காலண்டர் அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்திருந்தான். ஒன்பது வருடமாக அவர்களுடைய பந்தயக் காரை ஓட்டுவது அவன். வெல்டிங் முதல் மற்ற எல்லா வேலையும் நஞ்சப்பன். அட்டையை நம்பித் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்தான். காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. காரில் வைத்தபோதுதான் தொட்டி பேட்டரியில் இடித்தது. சாய்த்தும் திருப்பியும் பார்த்தான். மூன்று விரற்கடை அதிகம். கிரி அளவில் தப்புகிறவன் இல்லை. நஞ்சப்பன் அட்டையை மறுபடி எடுத்தான். அதன் மூலையிலிருந்த வளைவை அவன் பார்த்திருக்கிறான். போன பந்தயத்தில் அவர்களைத் தோற்கடித்த சிவப்புக் காரின் பானட்டுக்குள்.

சாயங்காலம் கிரி வந்தான். "முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது. நம்ம வண்டியில உக்காரல."

கிரி காரின் பக்கம் திரும்பவே இல்லை. "பரவால்ல, குடு."

நஞ்சப்பன் கொடுத்தான். கிரி அதை வெளிச்சத்தில் பிடித்து, பற்றவைத்த ஓரமெங்கும் விரலை மெல்ல ஓட்டினான்.

"எங்கியும் ஒழுகாதல்ல?" என்றான்.

ஒன்பது வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை.