தைலம் தேய்த்த நெஞ்சு

எவ்வளவு நேரம் வீணானது என்பதில் என் நினைவை நான் நம்புவதில்லை. சிங்கப்பூர் தேக்காவில் தையல்காரர் யாக்கூப் தம் கடைத் தரையில் மூச்சின்றிக் கிடக்கிறார். நான் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், உள்ளங்கை வழுக்குகிறது. மின்னதிர்ச்சி தரும் கருவியுடன் ஓடிவந்த பக்கத்துக்கடை நிரஞ்சனா அதன் ஒட்டுப்பட்டையை அவர் நெஞ்சில் ஒட்டுகிறாள். அது ஒட்டாமல் நழுவுகிறது.

“நெஞ்சு வலிக்குதுன்னாரு, வாயுன்னு நெனச்சு தைலத்த நல்லா தேச்சுட்டேன்லா,” என்கிறார் மனைவி சம்சுன்னிசா.

“ஓகே ஆன்ட்டி, தள்ளுங்க!” நிரஞ்சனா தைக்கக் கிடந்த ரவிக்கைத் துணியால் அழுந்தத் துடைக்கிறாள். நீலத்துணி தைலம் ஊறிக் கருக்கிறது. ஒருவழியாகப் பட்டை ஒட்டுகிறது. உடல் ஒருமுறை துள்ளி அடங்குகிறது. மின்விசிறி சுற்றுகிறது. நான் மறுபடி அழுத்துகிறேன்.

யாக்கூப் பிழைக்கவில்லை. நிரஞ்சனா வேலை மாறிவிட்டாள். சம்சுன்னிசா சுவா சூ காங்கில் மகளோடு இருக்கிறார். அந்தத் தாமதத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை; நானும் சொன்னதில்லை.