நீட்டிய கழுத்து

தோழர்களே, இந்த மேடையைப் பாருங்கள். இங்கு நடக்கும் அநீதிக்கு நீங்களே சாட்சி. நூற்பாலைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பெண்கள் மேடையேறுவது தலைவருக்கு மாலையிட மட்டுமே. பேச்சு ஆண்களுக்கு உரியது. பன்னிரண்டு ஆண்டுகளாக மாலையிட்டுவரும் தனபாக்கியம், தான் பேச எழுதிய தாளை ஒவ்வொரு முறையும் இடுப்பில் செருகி வந்து, அச்சத்தால் அப்படியே வீட்டுக்கு எடுத்துச் சென்றவள். இன்றும் தலைவர் வழக்கம்போல் குனிந்து கழுத்தை நீட்டுகிறார். அவளோ மாலையோடு அவரைக் கடந்துபோய் ஒலிவாங்கியின் முன் நிற்கிறாள். அது ஆண்களின் உயரத்திலேயே துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அதன் திருகைத் தளர்த்த முயலும் அவள் விரல்கள் நடுங்குகின்றன.

"மாலையப் போட்டுட்டு எறங்கும்மா, கூட்டம் காத்திருக்கு" என்கிறார் செயலாளர்.

"காத்திருக்கட்டும்ணே. பன்னெண்டு வருசமா நான் காத்திருக்கலையா?"

"கை இப்படி நடுங்குது. நீ என்னத்தப் பேசப்போற?"

"கைதானண்ணே நடுங்குது. பேசப்போறது வாயி."

திருகு கிறீச்சிட்டு அசைகிறது. ஒலிவாங்கி அவள் உதட்டருகே இறங்குகிறது. தலைவரின் கழுத்து இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. முன்வரிசையில் மாலைகளோடு அமர்ந்திருக்கும் பெண்களே, அவற்றைக் கீழே வையுங்கள். மேடைக்கு வாருங்கள்.