குடும்பத்தோடு பார்க்க

"அதை நிறுத்து ரொமினா. குடும்பத்தோட பார்க்கிற நாடகமா இது?" என்றார் ஒஸ்வால்டோ. கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மகளிடமும் அதே உத்தரவுதான்.

"விண்வெளிக் கதை. ஒரு முத்தம்கூட இல்ல."

திரையில், வேற்றுக்கிரகத்தார் கைதிப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தார்கள். பிறகு அவளைப் பறக்கும் கலத்திலிருந்து கடலில் தள்ளிவிட்டு, குழந்தையைத் தளபதியின் மனைவியிடம் கொடுத்தார்கள்.

அவர் மனைவி நெலிடா, மாத்தே என்ற மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெந்நீர் குவளை நிரம்பி அவள் கையில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கண்டதையும் எழுதுறானுங்க. எங்கயாவது இப்படி நடக்குமா?" என்றார் ஒஸ்வால்டோ.

"ராணுவ ஆட்சியில இதே பூனஸ் அயர்ஸ்ல நடந்துச்சுன்னு கோர்ட்ல சொல்றாங்களே" என்றாள் ரொமினா.

"கம்யூனிஸ்ட் புளுகு. இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்."

ரொமினா எழுந்து, கதவருகே தயாராக வைத்திருந்த சூட்கேஸை எடுத்தாள்.

"போன மாசம் கோர்ட் சொல்லி மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். காலைல முடிவு வந்துச்சு. என்னைப் பெத்தவ நீங்க வேலை பார்த்த கடற்படை முகாம்லதான் கைதியா இருந்தாளாம்."

"மகளே..." என்றாள் நெலிடா.

ரொமினா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"குடும்பத்தோட தாராளமா பார்க்கலாம், கேப்டன். நாமதான் குடும்பம் இல்ல."