நாலாம் நம்பர் மெஷின்

“சார், இன்னிக்கும் எவனோ என் புரோகிராம்ல கை வச்சிக்கீறான்!”

மகிழினி போட்ட சத்தத்தில் திருவொற்றியூர் தேரடி கம்ப்யூட்டர் சென்டரே திரும்பிப் பார்த்தது.

பாஸ்கர் சார் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “காலை பேட்ச்சும் அதே நாலாம் நம்பர் மெஷின்தான்மா. சரி பண்ணிக்க.”

வாரம் பூரா இதே கூத்து. திங்களன்று ஒரு செமிகோலன் காணோம். புதனன்று ஓர் அடைப்புக்குறி. நேற்று ஒரே ஒரு மேற்கோள்குறி போனதில் பதினாலு எரர்! எல்லாவற்றையும் அவளே தேடிப் பிடித்துச் சரி செய்தாள்.

நாளை மதியம் டெஸ்ட். மார்க்கைக் கூட்டிச் சராசரி சொல்லும் புரோகிராம் ஓடியே ஆக வேண்டும்.

கம்பைல் செய்தாள். ஒன்பது எரர். ஒரு கமாவைப் போட்டாள். மூன்று. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள்.

“ஜீரோ!” என்று துள்ளினாள்.

அடுத்த நொடி, லிங்க்கர் எரர் என்று புதுசாய் ஒன்று. விடையைத் திரையில் காட்டும் பிரின்ட்எஃப் என்று ஒன்று எங்குமே இல்லையாம்.

“இன்னா பேஜாரு இது? கண்ணு முன்னால கீது, இல்லன்றியே!”

வரி வரியாய் விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. அங்கே மட்டும் பிரின்ட்எஃப்பின் முதல் எழுத்து பெரிய ‘பி’! சின்னதாக்கி, ரன் கொடுத்தாள்.

ஓடியது! பக்கத்து சீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

“நாளைக்குக் காலைல வந்து அந்தாள நாறடிக்கிறேன் பாரு!”

சனிக்கிழமை காலை ஏழு மணி. நாலாம் நம்பர் முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, மடியில் நோட்டோடு.

“யாருக்கா நீங்க? இந்த புரோகிராம தினம் மாத்தறது நீங்கதானா?”

“ஆமா கண்ணு! ஆலிஸு. ராயபுரம். ஹார்பர் கேன்டீன்ல வேலை. ‘அதுல கீறத மாத்தி மாத்திப் பாரு, தானா வரும்’னு சார்தான் சொன்னாரு. நான் கை வச்சா ஒடஞ்சிடுது. டூட்டிக்கு நேரமாச்சுன்னு அப்டியே வுட்டுட்டு ஓடிடுவேன்.”

நோட்டைக் காட்டினாள். இடது பக்கம், அவள் கெடுத்தது. வலது பக்கம், மறுநாள் திருந்தியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிவப்பு வட்டம்.

மகிழினி வாயைத் திறப்பதற்குள் ஆலிஸ் திரையைப் பார்த்துக் குதித்தாள்.

“பாத்தியா, பெரிய எழுத்துதான் தப்பாம்! நான் போனப்பறம் ஒக்காந்து சரி பண்ணி வச்சிக்கீறாரு. தங்கமான சாரும்மா! ‘இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு’ன்னு வூட்ல பசங்களே சிரிக்குதுங்க. இத்தினி தப்பு பண்ணியும் அவரு ஒரு வார்த்த திட்டல.”

மகிழினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சார் யாரையும் திட்ட மாட்டாருக்கா. சொல்லுங்க, இன்னிக்கு எதை ஒடைக்கப் போறீங்க?”